எல்லையோர மைதானம்: லீக் நடத்துவோர் கேள்விகள், எங்கள் பதில்கள்

பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் மார்கழி பிறந்தால் கிரிக்கெட் லீக் ஆரம்பமாகிவிடும். பேட் பிடிப்பது எப்படி என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. பிட்ச் ஏன் வெடிக்கிறது, அம்பயருக்கு எங்கே போவது, ரன் ரேட்டை எப்படிக் கணக்கிடுவது என்றுதான் கடிதங்கள் வந்திருக்கின்றன. செங்கோட்டை, களியக்காவிளை வாசகர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் ஊர்க் கரிசலிலேயே பிட்ச் போட்டோம். முதல் இரண்டு வாரம் அருமை. மூன்றாவது வாரம் பாளம் பாளமாக வெடித்து, ஒரு பந்து கணுக்காலுக்கும் அடுத்தது முகத்துக்கும் வருகிறது. மேலே செம்மண் கொட்டிச் சரிசெய்யலாமா?
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

செம்மண் கொட்டவே கொட்டாதீர்கள். கரிசலும் செம்மண்ணும் காயும்போது ஒரே அளவில் சுருங்காது. மேல் அடுக்கு தனியாகப் பிரிந்து, அப்பளம் போல உரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த பிட்ச்சைத் தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

உங்கள் மண்ணில் குறையில்லை. பிட்ச்சுக்குக் களிப்பு அதிகமுள்ள மண்தான் வேண்டும். அதைத் தேடி லாரி வைத்து அலைகிற ஊர்கள் உண்டு. மேல்மண் வேகமாகவும் அடிமண் மெதுவாகவும் காய்வதுதான் வெடிப்புக்குக் காரணம். டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியாக வீசும் வறண்ட கிழக்குக் காற்று அரை நாளில் மேற்பரப்பை உலர்த்திவிடும். நான்கு விரல் கீழே ஈரம் அப்படியே இருக்கும். மேல் சுருங்குகிறது, கீழ் சுருங்கவில்லை, நடுவில் பிளக்கிறது. ஆக, காய்வதை மெதுவாக்க வேண்டும். அதற்கு உங்கள் ஊரில் காசில்லாமல் கிடைக்கும் பொருள் தென்னங்கீற்று. தண்ணீர் விட்ட மறுநாளிலிருந்து, ரோலர் ஓட்டும் நேரம் தவிர, காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை பிட்ச்சைக் கீற்றால் மூடி வையுங்கள். தார்ப்பாய் வெயிலில் கூடாது. உள்ளே வேர்த்து, ஒரு இடம் சேறாகவும் ஒரு இடம் கல்லாகவும் ஆகும். தார்ப்பாயை மழைக்கும் இரவுப் பனிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஆட்டம் என்றால் வேலை திங்களன்றே தொடங்க வேண்டும். திங்கள் காலை தூசியைப் பெருக்கி, பௌலர் கால் பட்டுக் குழியான இடங்களை அதே மண்ணைக் குழைத்து நிரப்பி, திமுசால் இடியுங்கள். மாலையில் தண்ணீர். ஹோஸை ஒரே இடத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் அந்த இடம் மட்டும் ஊறும்; பூவாளி கட்டி, மெதுவாக, நான்கைந்து முறை திரும்பத் திரும்ப விடுங்கள். 8 முதல் 10 செ.மீ. ஆழம் வரை ஈரம் இறங்க வேண்டும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றைக் குத்திப் பாருங்கள்: ஈரம் இருக்கும்வரை இறங்கும், காய்ந்த மண்ணில் நிற்கும். பிட்ச்சின் இரு முனையிலும் நடுவிலும் குத்திப் பார்ப்பது முக்கியம். மூன்றும் ஒரே ஆழம் காட்டினால்தான் பந்து ஒரே மாதிரி எழும்பும்.

செவ்வாய் கீற்று மூடுவதோடு சரி, வேறெதற்கும் தொடக்கூடாது. புதன் காலை கட்டைவிரலால் அழுத்துங்கள். ரேகை பதிய வேண்டும், மண் விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் ரோலர் இறக்கும் பதம். ஒட்டினால் இன்னும் அரை நாள் பொறுங்கள். அவசரப்பட்டால் ரோலர் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வரும். முதலில் லேசான ரோலர், குறுக்கும் நெடுக்குமாக இருபது நிமிடம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலை அரை மணி, மாலை அரை மணி கனத்த ரோலர். நடக்கும் வேகத்தைவிட மெதுவாக இழுக்க வேண்டும். பலரும் செய்யும் தவறு, சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கூடிக் காய்ந்த மண்ணில் ரோலரை ஓட்டுவது. காய்ந்த கரிசல் ரோலருக்கு மசியாது, உழைப்பு வீண். சனியன்று புல் வெட்டி, கோடு போடுவதோடு நிறுத்துங்கள்.

கனத்த ரோலர் வாங்கப் பணம் இல்லையென்றால், பழைய 200 லிட்டர் இரும்பு டிரம்மின் நடுவே அச்சுக் குழாய் செருகி கான்கிரீட் நிரப்பினால் ஏறக்குறைய அரை டன் வரும். ஆனால் டிரம்மின் உடம்பில் இரண்டு வளையம் புடைத்திருக்கும். அப்படியே ஓட்டினால் பிட்ச் முழுக்க வரப்பு விழும். வெல்டரிடம் சொல்லி, மேலே கனமான தகடு சுற்றி வழவழப்பாக்கிய பிறகே மைதானத்துக்குள் கொண்டுவாருங்கள்.

புல்லை வேரோடு செதுக்கிவிடும் பழக்கத்தை விடுங்கள். அருகம்புல் வேர்தான் கரிசலைப் பிடித்துவைக்கிறது; அடிஈரத்தையும் அதுவே உறிஞ்சி மேலே அனுப்புகிறது. ஒட்ட வெட்டினால் போதும்.

இப்போது வெடித்திருக்கும் பிட்ச்சை என்ன செய்வது? ஒவ்வொரு பாளத்தின் ஓரத்திலும் காலை வைத்து அழுத்துங்கள். அசையவில்லை என்றால், வெடிப்பு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஆடலாம். அதே மண்ணைச் சலித்துப் பொடியாக்கி, பிளவில் நிரப்பி, ஈரம் தெளித்து இடியுங்கள். பாளம் ஆடினால், குறிப்பாக குட் லெங்த் பகுதியில் (பெரும்பாலான பந்துகள் குத்தி எழும்பும் இடத்தில்) ஆடினால், அந்த பிட்ச்சில் லெதர் பால் ஆட்டம் வேண்டாம். ஆடுகளம் ஆபத்தானது என்று தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை எம்.சி.சி. (கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்) விதி 2 அம்பயர்களுக்குத் தந்திருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த ஆண்டு புதிதாகப் போடுவதாக இருந்தால் கணக்கு இது: 25 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம் என்றால் அமுங்கிய மண் சுமார் 7.6 கன மீட்டர். கொட்டும்போது உதிரியாக இருப்பதால் முப்பது சதவீதம் கூட்டி, மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வாங்குங்கள். ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டரை, மூன்று செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ரோலர் ஓட்டுங்கள். அடுத்த அடுக்குக்கு முன் மேற்பரப்பை முள்வாரியால் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் அடுக்குகள் ஒட்டாது.

நாங்கள் கயிற்றுப் பாய் விரித்து ஆடுகிறோம். சொந்த மைதான அணி பௌலிங் போடும்போது மட்டும் பந்து அதிகம் திரும்புவதாக மற்ற அணிகள் குறை சொல்கின்றன. இதில் உண்மை இருக்குமா?
— மீனாட்சிபுரம் வாசகர்

இருக்கலாம். பாய் விறைப்பாக இழுத்திருந்தால் பந்து வேகமாக, உயரமாக எழும்பும். தளர்ந்திருந்தால் பந்து பாயைப் பற்றிக்கொண்டு திரும்பும். இரண்டு இன்னிங்ஸுக்கு இடையில் சொந்த அணி ஆட்கள் நான்கு முளையைத் தளர்த்தினால் ஆட்டமே மாறிப்போகும். ஆகவே பாயை இழுத்துக் கட்டுவது டாஸுக்கு முன் ஒரு முறை, இன்னிங்ஸ் இடைவேளையில் ஒரு முறை, இரண்டு முறையும் அம்பயர் முன்னிலையில் என்று விதியில் எழுதிவிடுங்கள். இரு பக்க ஓரங்களிலும் இரண்டு அடிக்கு ஒரு முளை. முளையின் தலை பாய்க்கு மேல் தெரியக்கூடாது. ரன் ஓடும் கால் அதில்தான் மாட்டும். ஸ்பைக் ஷூவுக்கு முழுத் தடை. அடித்தளம் கெட்டியான கிராவலாக இருக்கட்டும். அடியில் மணல் இருந்தால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பாய் நழுவும்.

ஒரே ஆள் கேரளப் பக்கம் ஒரு அணியிலும் எங்கள் பக்கம் ஒரு அணியிலும் ஆடுகிறார். அரை இறுதிக்கு மட்டும் கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் ஆள் இறக்குகிறார்கள். ஆதார் முகவரி பார்த்து உள்ளூர்க்காரர்களை மட்டும் அனுமதிக்கலாமா?
— கோபாலபுரம் வாசகர்

முகவரி விதி எல்லையோரத்தில் செல்லாது. வீடு இந்தப் பக்கம், தோப்பு அந்தப் பக்கம். அம்மா வீடு சித்தூரில், வேலை பொள்ளாச்சியில். இப்படியிருக்கும் பையனை எந்த ஊர் என்று சொல்வீர்கள்? முகவரி பார்க்கத் தொடங்கினால் நியாயமான ஆட்களைத்தான் வெளியே நிறுத்துவீர்கள். குடியிருப்பைப் பார்க்காமல் பதிவைப் பாருங்கள்.

சீசனுக்கு ஓர் அணிக்கு 18 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம்: போட்டோ, அடையாள அட்டை நகல், கையெழுத்து, “இந்த லீக்கில் வேறு அணிக்கு ஆட மாட்டேன்” என்ற ஒரு வரி. முதல் ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு பதிவை மூடுங்கள். எல்லா அணிகளின் பட்டியலையும் போட்டோவுடன் எல்லா கேப்டன்களுக்கும் அனுப்புங்கள். இதுதான் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கமிட்டிக்குத் தெரியாத முகம் எதிரணிக்குத் தெரியும்.

பாதி சீசனில் ஒரு வாரம் மட்டும் பட்டியலைத் திறந்து, அணிக்கு இரண்டு மாற்றம் அனுமதிக்கலாம். வேலைக்குப் போகிறவர், காயம்பட்டவர் இருப்பார்கள். அரை இறுதியில் ஆட வேண்டுமானால் லீக் சுற்றில் குறைந்தது இரண்டு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்ற ஒரு விதி போதும், கடைசி நேர இறக்குமதி நின்றுவிடும்.

டாஸுக்கு முன் கேப்டன்கள் பதினொரு பெயரை எழுத்தில் தர வேண்டும் என்பது எம்.சி.சி. விதி 1-லேயே இருக்கிறது. நம் மைதானங்களில் இதை யாரும் செய்வதில்லை. “இன்னொரு ஆள் வந்துட்டிருக்கான்” என்று ஆறாவது ஓவர் வரை இழுப்பதற்கு இதுதான் இடம் கொடுக்கிறது. இரண்டு தாளையும் ஸ்கோரர் கையில் கொடுத்துவிட்டு டாஸ் போடுங்கள். பதிவில்லாத ஆள் ஆடியது உறுதியானால் புள்ளி எதிரணிக்கு. ஜெயித்த ஆட்டமானாலும் சரி, தலைவருக்கு வேண்டப்பட்ட அணியானாலும் சரி. முதல் முறை விட்டுக்கொடுத்தால் அந்த விதியை மறுபடி எடுக்கவே முடியாது. புகாரை ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் எழுத்தில், ஒரு சிறு முன்பணத்துடன் வாங்குங்கள். புகார் சரியென்றால் பணம் திரும்பிவிடும்.

அம்பயருக்கு ஆள் கிடைப்பதில்லை. பேட்டிங் அணியே ஆளை நிறுத்துகிறது. எல்.பி.டபிள்யூ. கொடுப்பதே இல்லை. ஒரு பௌலர் எறிகிறார் என்று தெரிந்தும் யாரும் சொல்வதில்லை.
— களியக்காவிளை வாசகர்

அன்று ஆட்டம் இல்லாத மூன்றாவது அணியிலிருந்து இரண்டு பேர், ஒரு ஸ்கோரர். இதை ஆட்ட அட்டவணையிலேயே அச்சடியுங்கள். ஆள் அனுப்பாத அணிக்கு ஒரு புள்ளி குறையும் என்றால் அனுப்புவார்கள். அம்பயருக்கான படியை லீக் பொது நிதியிலிருந்து, ஆட்டம் தொடங்கும் முன்பே கொடுங்கள். சொந்த மைதான அணி கையால் கொடுக்க வைப்பதும், ஆட்டம் முடிந்த பிறகு கொடுப்பதும் தப்பு. படி வாங்கும் கையைப் பார்த்து விரல் தூக்கினார் என்ற பேச்சுக்கு வழி விடாதீர்கள்.

அதிகச் சண்டை வருவது வைடில். கண்ணால் அளக்க விடாமல் கோடு போட்டுவிடுங்கள். நடு ஸ்டம்பிலிருந்து 89 செ.மீ. தள்ளி, இரு பக்கமும், பௌலிங் கிரீஸுக்கும் (ஸ்டம்பு நிற்கும் கோடு) பாப்பிங் கிரீஸுக்கும் (அதற்கு முன்னால் உள்ள கோடு) இடையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. ஆஃப் பக்கம் அதற்கு வெளியே போனால் வைடு. லெக் பக்கம் பேட்ஸ்மேனையும் ஸ்டம்பையும் தாண்டிப் போனாலே வைடு.

கோடு போடும்போதே பிட்ச் கோணலாகிவிடுவதும் உண்டு. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர், பௌலிங் கிரீஸ் நீளம் 2.64 மீட்டர், அதற்கு முன்னால் 1.22 மீட்டரில் பாப்பிங் கிரீஸ். இரு பௌலிங் கிரீஸின் முனைகளையும் மூலைக்கு மூலை டேப்பால் அளந்தால் இரண்டு பக்கமும் 20.29 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். கிரீஸ் கோணலாக இருந்தால் ரன் அவுட்டும் நோ பாலும் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகும்.

எறிவது பற்றி: முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்பதெல்லாம் கேமரா வைத்து அளக்கும் சர்வதேச ஆட்டத்துக்கு. நம் அம்பயருக்குக் கண் மட்டும்தான். தோள் உயரத்துக்கு வந்த கை, பந்தை விடும்வரை முழங்கையில் நிமிர்ந்தால் அது எறி. ஸ்கொயர் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், நிற்கும் அம்பயருக்கே நன்றாகத் தெரியும். முதல் முறை நோ பால், கடைசி எச்சரிக்கை. அதே இன்னிங்ஸில் மறுபடி நடந்தால் அவர் மேற்கொண்டு பந்து போட முடியாது. இதை இரு கேப்டன்களிடமும் சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால், மைதானத்தில் வைத்து அந்தப் பையனை அவமானப்படுத்த வேண்டி வராது. பதினாறு, பதினேழு வயதுப் பையனாக இருந்தால் கூப்பிட்டு, ஆக்ஷனைத் திருத்த ஆள் பார்த்துக் கொடுங்கள்.

நாங்கள் 140 எடுத்தோம். எதிரணி 16 ஓவரில் 110-க்கு ஆல் அவுட். எங்கள் ரன் ரேட் கூடியது வெறும் 0.125 என்கிறது கமிட்டி. சரியா?
— வேலந்தாவளம் வாசகர்

தவறு. ஆல் அவுட் ஆன அணிக்கு ஆடிய ஓவரை எடுக்கக்கூடாது. முழு 20 ஓவரையும் எடுக்க வேண்டும். உங்கள் வேகம் 140/20, அதாவது 7.00. அவர்களுடையது 110/20, அதாவது 5.50. அந்த ஆட்டத்தில் உங்களுக்கு +1.50. கமிட்டி 110-ஐ 16-ஆல் வகுத்திருக்கிறது.

இன்னும் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். 17.4 ஓவர் என்பது கால்குலேட்டரில் 17.4 அல்ல, நான்கு பந்து என்றால் 4/6, ஆக 17.667. அடுத்தது, ஒவ்வொரு ஆட்டத்தின் ரன் ரேட்டையும் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. சீசன் முழுக்க நீங்கள் எடுத்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, அதிலிருந்து உங்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட மொத்த ரன்னைப் போட்ட மொத்த ஓவரால் வகுத்து வருவதைக் கழியுங்கள். வாராவாரம் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பினால் தவறு அந்த வாரமே தெரிந்துவிடும்.

பத்து அணி, ஒரே மைதானம். எப்போது தொடங்கி எப்போது முடிப்பது?
— வாளையார் வாசகர்

எல்லோரும் எல்லோரோடும் என்றால் 45 ஆட்டம். ஞாயிறுக்கு இரண்டு வீதம் 23 வாரம். மழை வந்துவிடும். ஐந்து ஐந்தாக இரு பிரிவு போட்டால் 20 ஆட்டம், அரை இறுதி இரண்டு, இறுதி ஒன்று. 12 ஞாயிறில் முடியும். டிசம்பர் முதல் ஞாயிறு தொடங்கிப் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச்சில் இரு மாநிலத்திலும் பொதுத்தேர்வு. பாலக்காட்டு வெயிலும் ஏறிவிடும். பொங்கல் வாரம் ஆட்டம் வைக்காதீர்கள். பாலக்காடு மாவட்டத்துக்கும் அன்று உள்ளூர் விடுமுறை என்பதால் இரு பக்க ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். அதற்கு ஈடாக ஜனவரி 26-ஐ மாற்று நாளாக வைத்துக்கொள்ளலாம். மகரவிளக்கு வரை மாலை போட்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு அட்டவணை போடுவது நல்லது.

காலை ஆட்டம் 8 மணிக்கு. 7 மணிக்கென்றால் பனியில் அவுட்பீல்டு நனைந்து, பந்து சோப்புக்கட்டியாகிவிடும். டாஸ் ஜெயித்தவருக்கே ஆட்டம். எட்டு மணிக்கும் ஈரம் இருந்தால் நீளக் கயிற்றை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து மைதானம் முழுக்க இழுங்கள், பனி உதிர்ந்துவிடும். மாலை ஆட்டம் 2.15-க்கு. இன்னிங்ஸுக்கு 85 நிமிடம் என்று கறாராக இருந்தால் 5.30-க்குள் வெளிச்சத்தோடு முடியும். நேரத்துக்குள் ஓவர் முடிக்காத அணிக்கு, மீதி ஓவர்களில் 30 கஜ வட்டத்துக்கு வெளியே ஒரு பீல்டர் குறைவு. அபராதப் பணத்தைவிட இது நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது இன்னிங்ஸ் பாதியில் மழை. சராசரி ரன் ரேட் பார்த்து முடிவு சொல்லலாமா? இடி இடிக்கும்போது ஆடலாமா?
— செங்கோட்டை வாசகர்

சராசரி வேண்டாம். 141 இலக்கு, 10 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 71 எடுத்த அணியும், ஏழு விக்கெட் இழந்து 71 எடுத்த அணியும் சராசரிக் கணக்கில் ஒன்றுதான். அது நியாயமில்லை. மழை குறுக்கிட்டால் இலக்கைத் திருத்தும் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையோ, கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த, தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் பயன்பட்ட வி.ஜே.டி. முறையோ, விக்கெட்டையும் சேர்த்துக் கணக்கிடும். அதைச் சரியாகக் கையாளத் தெரிந்த ஸ்கோரர் இருந்தால் பயன்படுத்துங்கள். இரண்டாவது அணி குறைந்தது 5 ஓவர் ஆடியிருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் புள்ளியைப் பகிர்ந்துவிடுங்கள். எதுவானாலும் சீசன் தொடங்கும் முன் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

இடிக்கு விவாதமே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லோரும் உடனே வெளியே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் உள்ளே. ஒதுங்குவது கட்டடத்திலோ மூடிய வண்டியிலோ. மரத்தடியிலும் தகர ஷெட்டிலும் நிற்காதீர்கள். கோப்பைக்காக ஆடுகிற ஆட்டத்தில் இதை மட்டும் எந்த கேப்டனும் பேரம் பேச விடாதீர்கள்.

மைதானத்தின் ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர். சுவரையே பவுண்டரியாக வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?
— சித்தூர் வாசகர்

பரவாயில்லை என்று சொல்ல மாட்டோம். பந்தைத் துரத்தி வருகிறவர் தலை சுவரில் மோதும். சுவரிலிருந்து குறைந்தது மூன்று கஜம், அதாவது 2.74 மீட்டர் உள்ளே கயிறு போடுங்கள். அதனால் அந்தப் பக்கம் பவுண்டரி மிகச் சிறியதாகிவிட்டால், அங்கே நேராகச் சுவரைத் தாண்டினாலும் நான்குதான் என்று உள்ளூர் விதி எழுதிக்கொள்ளலாம். பிட்ச்சைச் சுவரிலிருந்து தள்ளி மாற்ற இடமிருந்தால் அதுவே மேல்.